செபமாலைக்குப் பிறகு பதினைந்து நிமிடம்

அன்புள்ள என் மாணவர்களே, உறவினர்களே,

இரண்டு வாரமாகவே எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளித் தள்ளிப் போட்டேன். இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது. கொஞ்சம் நீளமான பதிவு. முப்பத்து நான்கு வருடம் உங்களுக்கெல்லாம் வீட்டுப்பாடம் கொடுத்தவள் நான். இன்றைக்கு எனக்கு நானே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துக்கொண்டேன் என்று நினைத்து, பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு எட்டரை மணி இருக்கும். கொஞ்சம் புளி வாங்கலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா, கையில் அடி ஸ்கேல். கேள்வி பதில் மூன்று முறை, சொற்களுக்குப் பொருள் ஐந்து முறை, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கையெழுத்து. பிள்ளையின் தலை நோட்டில் விழுவதும், அம்மா தட்டி எழுப்புவதுமாக இருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. கடைசியாக எழுதிய சொல்லைக் காட்டி, "இது என்ன மக்களே, வாசி பாப்போம்" என்றேன். முழித்தாள். "தெரியாது டீச்சர் பாட்டி. போர்டுல கெடந்தத பாத்து எழுதுனேன்" என்றாள். அந்தச் சொல்லை அவள் ஐந்து முறை எழுதி முடித்திருந்தாள்.

அம்மாவும் என்னிடம் படித்தவள்தான். "இவ்வளவு எதுக்கு பிள்ளே, தூங்கட்டும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், நீங்க எங்களுக்கு இம்போசிஷன் தரலியா? அதனாலதான நாங்க நல்லா வந்தோம்."

நன்றியோடுதான் சொன்னாள். எனக்கோ அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவள் சொன்னது உண்மை. நான் கொடுத்தேன். ஐந்து முறை கொடுத்தேன், பத்து முறையும் கொடுத்தேன். அதனால் நல்லா வந்தவர்கள் இன்று எனக்கு நன்றி சொல்கிறார்கள். அதனால் வராமலே போனவர்களைப் பற்றி யாரும் என்னிடம் பேசுவதில்லை. அப்படி ஒருவனைப் பற்றி இன்று எழுதப் போகிறேன். அவனிடம் போனில் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேண்டாம்" என்றான். அதனால் பெயரும் ஊரும் இல்லை.

1990களின் நடுப்பகுதி. கடற்கரைப் பக்கம் ஒரு கத்தோலிக்கத் துவக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இவன் இரண்டாவது வரிசையில் இருப்பான். அப்பா வள்ளத்தில் போவார். அம்மா விடிவதற்கு முன்னே தலையில் மீன் கடவத்தோடு ஊர் ஊராகப் போய் மதியம் கழிந்துதான் வருவார். பையனுக்குச் செபங்கள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. விசுவாசப் பிரமாணத்தை ஒரே மூச்சில் சொல்வான். மாதா பிரார்த்தனையில் ஒரு வரி விடமாட்டான். தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் விரலை ஓட்டிக்கொண்டு தடங்கலில்லாமல் வாசிப்பான். "பாருங்க, இவன மாதிரி வாசிக்கணும்" என்று மற்ற பிள்ளைகளிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். அவன் வாயில் வந்தது நான்காம் பாடம். கையில் திறந்திருந்தது ஆறாம் பாடம். விரல் ஆறாம் பாடத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. 'இனி இவனை விடக்கூடாது' என்று அந்தப் பாடத்தைப் பத்து முறை எழுதி வரச் சொன்னேன். மறுநாள் எழுதி வந்தான். முதல் இரண்டு முறை ஒரு கையெழுத்து, மீதி எட்டு முறை வேறு கையெழுத்து. ஏழாம் வகுப்பு படித்த அவன் அக்காள் எழுதிக் கொடுத்திருந்தாள். பொய் சொன்னான் என்று வெளியே நிற்க வைத்தேன். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான், மூன்று நாள் வரமாட்டான். எப்படியோ தட்டுத்தடுமாறி ஐந்தாம் வகுப்பு முடித்தான். அதற்குப் பிறகு கடலுக்குப் போய்விட்டான்.

நான்கு வருடத்துக்கு முன்பு பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவனையும் சேர்த்தார்கள். எல்லோரும் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். இவன் மட்டும் எப்போதும் குரல் பதிவுதான். கையில் வேலையாக இருப்பான் என்று நினைத்தேன். ஒரு திருமண அழைப்பிதழைக் குழுவில் போட்டபோது, "டீச்சர், என்ன தேதிண்ணு ஒண்ணு சொல்லுவியளா" என்று தனியாக எனக்குக் குரல் பதிவு அனுப்பினான். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இத்தனை வருடம் கழித்து யோசிக்கும்போது ஒன்று புரிகிறது. ஒரு பாடம் முழுவதையும் அவன் காணாப்பாடமாகச் சொன்னான் என்றால், யாரோ அவனுக்கு அதைத் தினமும் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அவன் அக்காள்தான் ராத்திரி செபம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறாள். கேட்டுக் கேட்டே முழுப் பாடத்தையும் மனதில் ஏற்றியிருக்கிறான். எவ்வளவு கூர்மையான பிள்ளை! அந்த வீட்டில் பாய் இருந்தது, விளக்கு இருந்தது, வாசிக்க ஒருத்தி இருந்தாள், கேட்க ஒருவன் இருந்தான். புத்தகத்தைத் தம்பியின் கையில் கொடுத்து, "இனி நீ வாசி, அக்கா கேட்கட்டும்" என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். நான் பத்து முறை எழுதச் சொன்னேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடத்தைக் குறையுங்கள். அந்த இடத்தில் தினமும் பதினைந்து நிமிடம் சத்தமாக வாசிக்க வையுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து கேளுங்கள். புதிதாக நேரம் தேட வேண்டாம், குடும்ப செபம் முடிந்த அந்த நேரமே போதும்.

ஓய்வுபெற்ற டீச்சருக்குச் சட்டம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்னை உயர்நீதிமன்றம் 2018 மே மாதத்தில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. சிபிஎஸ்இ பள்ளிகள் பற்றிய வழக்கில் வந்த உத்தரவு அது. அதே வருடம் நவம்பரில் மத்திய அரசும் எல்லா மாநிலங்களுக்கும் இதே மாதிரிச் சுற்றறிக்கை அனுப்பியது. பிறகு 2020இல் வந்த பள்ளிப் புத்தகப்பைக் கொள்கையில் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்: இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கிடையாது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால், ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு இருபத்து நான்கு நிமிடம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்று ஒரே ராத்திரியில் அதைவிட நான்கு மடங்கு உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் வீட்டுப்பாடம் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. சின்ன வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிகவும் மெலிந்துவிடுகிறது.

வாசிப்பின் கதை வேறு. கீத் ஸ்டானோவிச் என்ற உளவியல் ஆய்வாளர் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதற்கு நம் நற்செய்தியிலிருந்தே பெயர் எடுத்தார். 'மத்தேயு விளைவு' என்று பெயர். தாலந்து உவமை நினைவிருக்கிறதா? மறைக்கல்வி வகுப்பில் எத்தனை முறை நாடகம் போட்டிருக்கிறோம்! உள்ளவனுக்கு மேலும் கிடைக்கும், இல்லாதவனிடம் இருப்பதும் போய்விடும். வாசிப்பும் அப்படித்தான் என்கிறார். நன்றாக வாசிக்கிற பிள்ளை மேலும் மேலும் வாசிக்கும், அதனால் சொல்வளம் கூடும், அதனால் இன்னும் எளிதாக வாசிக்கும். திணறுகிற பிள்ளை வாசிப்பதைத் தவிர்க்கும், தவிர்க்கத் தவிர்க்க இன்னும் பின்தங்கும். மூன்றாம் வகுப்பில் கையளவு இருக்கிற இடைவெளி எட்டாம் வகுப்பில் ஆறளவு ஆகிவிடும். அந்தப் பையனுக்கு நடந்ததும் அதுதான்.

"நம்ம மாவட்டத்தில் இந்தக் கதை எல்லாம் ஏது டீச்சர், நாமதான் எழுத்தறிவில் முதலிடம்" என்று சிலர் சொல்லலாம். உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டம் 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதல். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்கத் திணறுவதை அந்த எண் நமக்குக் காட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். நான் இரண்டு அடி தள்ளி நின்று கேட்டே ஏமாந்தவள்.

இப்போது ஒரு பழைய கதை சொல்கிறேன். நம் கடற்கரையின் முதல் வீட்டுப்பாடம் எது தெரியுமா?

புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழும் போர்ச்சுகீசும் தெரிந்தவர்களை உட்கார வைத்து, செபங்களைத் தமிழில் பெயர்த்து, தானும் அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே சொல்கிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, பிள்ளைகள் இங்கே கற்றதை வீட்டில் போய் அப்பா அம்மாவுக்கும் அயல்வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தது. அந்த வருடக் கடைசியில்தான் நம் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுப்பாடத்தில் எழுதுவதே இல்லை. பிள்ளை சொல்ல வேண்டும், வீட்டார் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவும் அம்மாவும் பிள்ளையின் வாயிலிருந்து கற்றார்கள். பிள்ளைக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

அது காணாப்பாடக் காலம், அச்சுப் புத்தகம் இல்லை. அதற்கும் நம் ஆட்கள் வழி செய்தார்கள். அன்றிக் அடிகளார் என்று நாம் சொல்கிற என்றிக் என்றிக்கஸ் 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். பதினாறே பக்கம். இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். 1586இல் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு' அச்சானது. புனிதர்களின் வாழ்க்கைக் கதைகள், அறுநூறு பக்கத்துக்கு மேல். கடற்கரை மக்கள் வாசிப்பதற்காக, கேட்பதற்காகச் செய்த புத்தகம்.

நானூறு வருடத்துக்கு முன்னே மீனவ மக்களுக்காக அறுநூறு பக்கத்தில் கதைப்புத்தகம் அச்சடித்த கடற்கரை இது. இன்று நம்மில் எத்தனை வீட்டில் பாடப்புத்தகம் தவிர ஒரு பிள்ளைகள் புத்தகம் இருக்கிறது? ஷோகேஸில் கோப்பைகளும் பொம்மைகளும் இருக்கின்றன. அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிற கதைப்புத்தகம் இல்லை. யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. என் வீட்டிலும் என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கைடுகள்தான் நிறைய இருந்தன.

நம் வீடுகளில் வாசிப்புக்கு வசதியான ஒரு விஷயம் ஏற்கெனவே இருக்கிறது. சாயங்காலம் கோயில் மணி அடித்தால் செபம். எந்த வேலை கிடந்தாலும் பாயை விரித்து உட்காருகிறோம். டிவி நிற்கிறது. போன் தள்ளி வைக்கப்படுகிறது. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கூட்டம். எந்தப் பழக்கமும் வேரூன்ற இந்த மூன்றும்தான் வேண்டும். மற்ற வீடுகளில் உண்டாக்கப் பாடுபடுகிற ஒழுங்கு நமக்குத் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே இருக்கிறது. செபம் முடிந்து சிலுவை போட்டதும் உடனே டிவிக்கு ஓடுகிறோமே, அந்த இடத்தில் பதினைந்து நிமிடம் பாயைச் சுருட்டாமல் வையுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

இந்துக் குடும்பத்து மாணவர்களும் என்னிடம் நிறையப் பேர் படித்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரம் இருக்கிறது. இஸ்லாமியக் குடும்பங்களில் மக்ரிப் தொழுகை நேரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. நம்மூர்ப் பேச்சு வேறு, புத்தகத் தமிழ் வேறு. 'பெறவு', 'கொண்ணாந்து', 'கெடந்தத' என்று பேசுகிற பிள்ளைக்குப் பாடப்புத்தகத்து வாக்கியம் அயலூர் மாதிரி இருக்கும். வாசிக்கத் திணறுவதற்கு இது பெரிய காரணம். ஆனால் தினமும் செபத்திலும் திருப்பலி வாசகத்திலும் எழுத்துத் தமிழைக் கேட்கிற பிள்ளையின் காதில் அந்த நடை ஏற்கெனவே ஏறியிருக்கிறது. காதில் இருப்பதைக் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. செபப் புத்தகத்தையே திறந்து, தெரிந்த செபத்தை விரல் வைத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். நான் அன்று அந்தப் பையனுக்கு இதைச் செய்திருக்கலாம். தெரிந்த வரியில் எழுத்துகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி, நடுவில் ஒரு சொல்லைக் காட்டி "இது எது?" என்று கேட்டிருந்தால் ஒரு வருடத்தில் வாசித்திருப்பான்.

எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு, என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்:

முதலாவது, பிள்ளை வாசிக்கட்டும், பெரியவர்கள் கேளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்றால் பெரியவர் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. கேட்பவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. பாட்டாவும் ஆச்சியும் கேட்டால் இன்னும் நல்லது. கேட்கிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். நடுவில் "பெறவு என்னாச்சு மக்களே?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. தெரியாவிட்டால் மறுபடி வாசிக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தித் திருத்தாதீர்கள். பொருள் மாறிவிட்டால் மட்டும் திருத்துங்கள். தலையில் குட்டிக்கொண்டு வாசிக்க வைத்தால் புத்தகத்தைப் பார்த்தாலே பிள்ளைக்குத் தலை வலிக்கும்.

மூன்றாவது, எளிய புத்தகமாக இருக்கட்டும். ஒரு பக்கம் வாசிக்கும்போது தடுக்குகிற சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைத்துவிட்டு எளிதான வேறொன்றைக் கொடுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாசித்தால் வெட்கம் ஒன்றுமில்லை.

நான்காவது, பிடித்த கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தால் விடுங்கள். நாம் ஐம்பத்து மூன்று மணியையும் தினமும் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள்தானே!

ஐந்தாவது, எழுத்து வேலை இருந்தால் செபத்துக்கு முன்னே, சாயங்காலம் விளையாடி வந்து காப்பி குடித்த பிறகு, இருபது நிமிடத்தில் முடித்துப் பையைக் கட்டி வைத்துவிடட்டும். ஒன்பது மணிக்குத் தூக்கம். தூங்கி விழுகிற பிள்ளையை எழுப்பி எழுத வைப்பதில் ஒரு பலனும் இல்லை.

புத்தகம் எங்கே கிடைக்கும்? அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் பிள்ளைகளின் திறனுக்கு ஏற்ப 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. என்ன அழகான பெயர்! பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட சிறுவர் நூல்களும் விலை குறைவு. நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிப் போங்கள். நம் தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை வாத்தியாராக இருந்தவர், பிள்ளைகளுக்காகவே எத்தனையோ பாட்டு எழுதினார். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அவரை வாசிக்காமல் யார் வாசிப்பார்கள்? 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், நட்டாலத்தில் பிறந்து ஆரல்வாய்மொழியில் உயிர் கொடுத்தவர். அவர் கதையையும் எளிய நடையில் வாசிக்கக் கொடுங்கள். கோட்டார் சவேரியார் திருவிழாவுக்குப் போகும்போது பலூனோடு ஒரு புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். புதுநன்மை வாங்குகிற பிள்ளைக்கு மோதிரம் போடுகிறீர்கள், சரி, அதோடு ஒரு புத்தகமும் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. குவைத்திலும் சவூதியிலும் இருந்து தினமும் வீடியோ காலில் வருகிறீர்கள். "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டதும் பேச்சு முடிந்துவிடுகிறது என்று உங்கள் மனைவிமார் சொல்கிறார்கள். "இன்னைக்கு வாசிச்சத அப்பாக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். பேச விஷயமும் கிடைக்கும்.

"எல்லாம் சரி டீச்சர், வீட்டுப்பாடம் குறைந்தால் பிள்ளை பின்தங்கிவிடாதா? மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு எழுதுகிறார்கள்!" என்று தாய்மார் கேட்பீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நோட்டு நிறைந்திருந்தால் கொடுத்த பணத்துக்குப் பிள்ளை படிக்கிறது என்று மனதுக்கு ஓர் ஆறுதல். வாசிப்பு நோட்டில் தெரியாது. எழுதிப் பழகவே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கையெழுத்துக்கு அரைப் பக்கம், வாய்ப்பாட்டுக்குக் கொஞ்சம், தேவைதான். ஆனால் வாசிக்கத் தெரியாத சொல்லைப் பத்து முறை எழுதுவது கோலம் போடுவது மாதிரி. கை பழகும், சொல் பழகாது. சரியாக வாசிக்கிற பிள்ளை ஆறாம் வகுப்பில் எந்தப் பாடத்தையும் தானே பிடித்துக்கொள்ளும். இதை நான் முப்பத்து நான்கு வருடம் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்று ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை அதை மறைக்க எவ்வளவு பாடுபடும் என்று எனக்கு அன்று தெரியவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, இதற்கு முன் பார்க்காத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். யாரும் சிரிக்காத இடத்தில்.

பங்குப்பேரவையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மறைக்கல்வி நடக்கிற இடத்தில் ஓர் அலமாரி, ஐம்பது புத்தகம். பிள்ளைகள் ஒன்று எடுத்துப் போய் அடுத்த ஞாயிறு மாற்றிக்கொள்ளட்டும். திருவிழா வாணவேடிக்கைக்கு ஆகிற செலவில் ஒரு துளி போதும். முதல் பத்துப் புத்தகம் நான் தருகிறேன். மீதியை யார் தருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.

கடைசியாக, அந்தப் பையனைப் பற்றி. பையன் என்கிறேன், அவனுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. அவன் மகள் நான்காம் வகுப்பு. போன வருடம் அவனிடம் போனில் மனம் விட்டுப் பேசினேன். "அன்னைக்கு ஒன்னப் பாத்து சிரிச்சேனே மக்களே, என்ன மன்னிச்சுக்கோ" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அது போட்டும் டீச்சர். இவளுக்கு என்ன செய்யணும், அதச் சொல்லுங்க" என்றான். இதே பதினைந்து நிமிடத்தைத்தான் சொன்னேன். கடலுக்குப் போகாத நாளெல்லாம் செபம் முடிந்ததும் அவள் வாசிக்கிறாள், இவன் கேட்கிறான். சில நாள் அவள் விரல் போகிற இடத்தில் இவன் கண்ணும் போகிறதாம். பஸ் போர்டு இப்போது கொஞ்சம் கொஞ்சம் பிடிபடுகிறது என்று போன வாரம் சொன்னான். குரல் பதிவில்தான் சொன்னான்.

இந்தப் பதிவையும் அவனுக்கு அவன் மகள்தான் வாசித்துக் காட்டுவாள். நீளமாக எழுதிவிட்டேன். மக்களே, ஒரே நாளில் வாசித்து முடிக்க வேண்டாம், இரண்டு நாளாக வாசி. அப்பா "பெறவு என்னாச்சு?" என்று கேட்டால் பதில் சொல்.

இறையாசீர் எல்லோருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
இராஜாக்கமங்கலம்